கிசிவானியிலிருந்து இருநூற்றுப் பதினான்கு பேர்

தோதோமா,
12 ஜனவரி 2003

அன்புள்ள பிலி அக்காவுக்கு, தம்பி ஷோமாரி ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் சுகம், கவலையெல்லாம் உன்னைப் பற்றியும் உன் மகள் தாத்துவைப் பற்றியும்தான். மச்சான் மௌத்தான பிறகு நீ ஒருத்தியாக அரிசி அப்பம் சுட்டு விற்று அந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கிறாய். அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே காற்றும் தூசியும்தான். மீன் என்று இவர்கள் விற்பதை நீ பார்த்தால் அப்படியே கடலில் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாய்.

ஒரு நல்ல செய்தி. இங்கே தலைநகரில், அரசாங்க அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிற காகிதங்களில் இப்போது நம் ஊர் நகராட்சியின் பெயரும் வருகிறது. எந்த வார்டுக்கு எந்த வேலை முதலில் என்று இனி அவர்களாக முடிவு செய்யப்போவதில்லை. மக்களிடம் வந்து கேட்பார்களாம். ஒவ்வொரு வார்டிலும் ஒரு நாள் கூட்டம். சாலை, கிணறு, விளக்கு, சந்தை, பாலம் என்று படம் ஒட்டிய டப்பாக்களை வரிசையாக வைப்பார்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து பீன்ஸ் விதை. எது வேண்டுமோ அந்த டப்பாவில் போட வேண்டியது. அதிக விதை விழுந்ததுதான் அந்த வார்டின் முதல் வேலை. அதைப் பதிவேட்டில் எழுதி மேலே அனுப்புவார்கள்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்கு நம் ஆற்றின் குறுக்கே கிடக்கிற அந்த இரண்டு தென்னை மரம்தான் கண்முன் வந்தது. நீயும் நானும் அதில் நடந்துதான் பள்ளிக்குப் போனோம். இப்போது தாத்து போகிறாள். நம் பகுதித் தலைவர் கோம்போவிடம் சொல்: ஆளுக்கொரு பக்கம் விதையைப் போட்டால் போச்சு. கிசிவானி முழுக்கப் பாலத்துக்கே போடவேண்டும். கூட்டம் மார்ச்சில் இருக்கும்.

நான் எழுதினேன் என்று வெளியே சொல்லாதே. என் வேலை உனக்குத் தெரியும்.

தாத்துவுக்கு முத்தம். அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக.
ஷோமாரி


கிசிவானி,
2 பிப்ரவரி 2003

அருமைத் தம்பி ஷோமாரிக்கு, அக்காவின் ஸலாம்.

நாங்கள் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். தாத்துவுக்குப் பல் முளைத்துவிட்டது, கூடவே வாயும் முளைத்துவிட்டது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தே மெலிந்து தெரிகிறது.

வெளியே சொல்லாதே என்றாய். நான் கோம்போ தலைவரிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த மனுஷன் குரல் உனக்குத்தான் தெரியுமே, துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய குரல். அன்று அஸர் தொழுகைக்குள் கிசிவானி முழுக்கத் தெரிந்துவிட்டது. உன் பெயர் வரவில்லை, பயப்படாதே.

இப்போது எங்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி. தலைவர் என் வீட்டுச் சட்டி ஐந்தைத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியில் வைத்து, ஒவ்வொன்றிலும் கரியால் படம் போட்டிருக்கிறார். பாலம் என்று அவர் வரைந்ததைப் பார்த்து யாரோ "இது கட்டில்தானே?" என்று கேட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அஷூரா, மீன் பொரிக்கிறாளே, சவுமுவின் அம்மா, அவள் ஐந்து விதையையும் கிணற்றுச் சட்டியில் போட்டாள்.

"ஏம்மா, உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"பழக்கதோஷம் தலைவரே. சட்டியப் பாத்தா தண்ணிதான் ஞாபகம் வருது."

"நகராட்சிக்காரன் முன்னாடியும் இப்படிப் போட்டே, உன்னைக் கொண்டுபோய் அந்தத் தென்னமரத்துல கட்டிவச்சிருவேன்."

"கட்டுங்க. என் கனத்துக்கு அப்பவாச்சும் மரம் உருளாம கெடக்கும்."

வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டார். பெரியவர்கள் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேர். ஐந்தால் பெருக்கினால் எவ்வளவு என்று தாத்துவும் சவுமுவும் மண்ணில் எழுதிக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆயிரத்து எழுபது விதை. அதைக் கேட்டதும் தலைவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பாலம் கட்டி முடித்து அதன்மேல் நிற்கிற மாதிரி இருந்தார்.

எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது, தம்பி. மழைக்காலத்தில் இந்தப் பிள்ளைகள் திரும்பி வரும்வரை நான் அப்பச்சட்டியைப் பார்ப்பதில்லை, ஆற்றைத்தான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.
பிலி


கிசிவானி,
27 மார்ச் 2003

தம்பி ஷோமாரிக்கு, ஸலாம்.

நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். நானும் தாத்துவும் இருக்கிறோம்.

அஷூராவின் மகள் சவுமு மௌத்தாகிவிட்டாள். பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று மதியத்திலிருந்து மழை. பள்ளி விட்டு வரும்போது மரம் உருண்டுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தேடினார்கள். விடிந்த பிறகுதான் கீழே அலையாத்தி வேருக்குள் கிடைத்தாள். புத்தகப் பை தோளிலேயே இருந்தது. ஒன்பது வயது.

கூட்டம் மறுநாள், புதன்கிழமை பத்து மணிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளி மைதானத்தில். ஜனாஸா அடக்கமும் பத்து மணிக்கு, இந்தப் பக்கம்.

என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். நீ இந்த மண்ணில் பிறந்தவன். மையத்து வீட்டில் இருக்கும்போது இங்கே யார் வேறு வேலைக்குப் போவார்கள்? பெண்கள் எல்லோரும் அஷூராவோடு பாயில் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் எல்லோரும் மையவாடியில். கோம்போ தலைவர்தான் கபர்க் குழி வெட்டினார். இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயர் எழுதிய காகிதம் அவர் சட்டைப்பையில் நனைந்துபோய் இருந்தது. தண்ணீர் அப்போது வடிந்து இடுப்பளவுதான். இறங்கிப் போயிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, தம்பி. யாராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தாலும் அவரை அடித்து விரட்டியிருப்போம்.

நகராட்சிக்காரர்கள் பதினொரு மணிவரை காத்திருந்து, எங்களைக் கூப்பிட்டுவரச் சொல்லி டிரைவரை அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இடுப்புவரை நனைந்து ஆற்றைக் கடந்து வந்தான். மையத்தைத் தூக்கி வந்த சந்தூக்கைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவனும் தோள் கொடுத்தான். மண் போட்டான். ஓதி முடிக்கும்வரை நின்றான். எதற்கு வந்தான் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரோட்டோரக் கடைக்காரர்கள் பதினொரு பேர் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களும் காகிதப்படி நம் வார்டுதான். அவர்களுக்கு விஷயம் தெரியாது. குற்றம் சொல்ல மாட்டேன். ஐம்பத்தைந்து விதையும் சந்தைக் கொட்டகையில் விழுந்தது. பாலத்து டப்பாவில் ஒன்றுகூட இல்லையாம்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.
பிலி


தோதோமா,
14 ஏப்ரல் 2003

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் ஸலாம்.

அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு நல்ல இடம் கொடுப்பானாக. அஷூராவிடம் என் சார்பில் சொல். உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துத்தான் பிரித்தேன். பிறகு எழுந்து குழாயடியில் போய் நின்றேன். நீ நலமா? தாத்து எப்படி இருக்கிறாள்? இருவரும் ஒரே வகுப்பல்லவா?

அக்கா, இது இத்தோடு முடிந்துபோகவில்லை. விதிப்படி ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் உண்டு. வார்டு மக்கள் கையெழுத்துப் போட்டு நகராட்சி இயக்குநருக்கு மனு கொடுக்கலாம். சாவு நடந்ததை எழுதுங்கள். மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முத்திரை வாங்காமல் வராதீர்கள். நான் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. என் வேலை தட்டுவது மட்டும்தான். ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.
ஷோமாரி


கிசிவானி,
29 ஜூன் 2003

தம்பிக்கு, ஸலாம். உனக்கு இருமல் என்று தோதோமா பேருந்து டிரைவர் சொன்னான். இஞ்சி கொடுத்து அனுப்பியிருக்கிறேன், தட்டிப் போட்டுக் குடி.

நியாயம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று எழுதினாய். இருக்கட்டும். அது எங்கள் பக்கமே இருக்கிறது, ஆற்றைக் கடந்து போகமாட்டேன் என்கிறது.

மனு கொடுத்தோம். கையெழுத்து, கைநாட்டு எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு. நானும் கோம்போ தலைவரும் நாலு தடவை போனோம். நாலாவது தடவைதான் அதிகாரி கிடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. எங்களுக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார். பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கமாகவே திருப்பி வைத்தார். கலந்துகொண்டோர் பதினொருவர், முடிவு ஏகமனதானது என்று எழுதியிருந்தது.

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்? வந்தவங்க சொன்னதத்தான் எழுத முடியும்."

"வராதவங்க அன்னைக்கு எங்க இருந்தாங்கன்னு எழுத இதுல ஒரு கட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், தம்பி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. "இல்லம்மா," என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எரிந்து விழுந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருப்பேன்.

கோம்போ தலைவர் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "பத்துப் பேரு. பத்தே பத்துப் பேர அனுப்பியிருந்தா அம்பது வெதை. நானும் போயிருந்தா அம்பத்தஞ்சு, சமமாயிருக்கும். கபரு வெட்ட எனக்குத்தான் கை இருந்துச்சா?" பேசாமல் வாருங்கள் என்றேன். கேட்கவில்லை.

உருண்ட மரத்தை மறுபடி புரட்டிப் போட்டு, புதுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தாத்துவுக்குக் கொஞ்சம் சளி, அதனால் பள்ளிக்கு அனுப்பவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.
பிலி


தோதோமா,
3 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

நான் சுகம், இருமல் போய்விட்டது, உன் இஞ்சியின் காரம் இன்னும் தொண்டையில் இருக்கிறது. தாத்துவுக்கு இரண்டு நோட்டும் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். சளி எப்படி இருக்கிறது?

மனுவைப் பற்றி வருத்தப்படாதே. இங்கே விசாரித்தேன். கூட்டம் ஒரு தடவையோடு முடிவதில்லை, வருஷாவருஷம் நடக்கும். அடுத்தது ஜனவரியில். எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் முதலில் பார்க்கப்படும். ஒரு வார்டிலிருந்து இருநூறு பேர் வந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. இந்தத் தடவை ஒருவர்கூடத் தவறக்கூடாது என்று தலைவரிடம் சொல்.

அன்புடன்,
ஷோமாரி


கிசிவானி,
30 நவம்பர் 2003

அருமைத் தம்பிக்கு அக்காவின் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். நோன்பு நல்லபடி முடிந்ததா? உனக்குத் தேங்காய்ச் சோறு போட அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருத்தியைப் பார்த்துக் கட்டிக்கொள் என்றால் காதில் விழாது.

சந்தைக் கொட்டகை கட்டிவிட்டார்கள். பச்சைத் தகரம், சிமெண்டுத் தரை, பெயர்ப்பலகை. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டதால் கடைக்காரர்களே அங்கே போகவில்லை. ஆடுகள்தான் குடியேறியிருக்கின்றன. விதை போட்ட பதினொரு பேரும் இப்போது எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

ஒன்றை மறைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். தாத்துவுக்குச் சளி ஒன்றும் இல்லை. அன்று மரத்தின்மேல் சவுமுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். மரம் உருண்டபோது கையை விட்டுவிட்டாளாம். விட்டதால்தான் இவள் இருக்கிறாள். அதை ஒரு ஏழு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். மார்ச்சிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. ஆற்றங்கரைவரை வருவாள், காலை எடுத்து மரத்தில் வைக்க மாட்டாள். தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். என் கழுத்தை நகத்தால் கீறிவிட்டாள். உன் நோட்டு இரண்டும் அப்படியே இருக்கிறது. நான் முட்டாளல்ல, பாலம் வந்தால் சவுமு வரமாட்டாள் என்று தெரியும். ஆனால் பாலம் வந்தால் என் பிள்ளை நடப்பாள். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கோம்போ தலைவர் படுத்துவிட்டார். வயிறு வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பார்க்கப் போகிறவர்களையெல்லாம் சத்தியம் செய்யச் சொல்கிறார். நேற்று நானும் செய்தேன்.

"கூட்டத்தன்னைக்கு நான் மௌத்தானா என்ன பண்ணுவீங்க?"

"வாயக் கழுவுங்க தலைவரே."

"கழுவுறேன், நீ பதில் சொல்லு. என்னைத் தூக்க நாலு பேரு போதும். கூட ரெண்டு பேரு தோள் மாத்த. மத்த அத்தன பேரும் ஆத்தைக் கடந்துரணும். பொம்பளைங்களும்தான். எவளாச்சும் எம் பொண்டாட்டிகிட்ட உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா, மறுமையில வந்து கேப்பேன்."

அவர் மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

தேதி ஏதாவது தெரிந்தால் எழுது. உன் எழுத்தை நம்பித்தான் இருக்கிறோம்.
பிலி


தோதோமா,
20 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஷோமாரியின் பணிவான ஸலாம்.

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? தலைவருடைய வயிற்று வீக்கம் எப்படி? அஷூரா எப்படி இருக்கிறார்? தாத்து நன்றாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா? அவளைக் கட்டாயப்படுத்தாதே. பிள்ளைகளுக்கு நாள் ஆகும். பக்கத்தில் எல்லோரும் நலம்தானே? மாமரம் இந்த வருஷம் காய்த்ததா?

இங்கே வேலை அதிகம். நம் ஊர் நகராட்சியிலிருந்து மூன்று பேர் வந்து இரண்டு வாரம் எங்கள் அறையிலேயே இருந்தார்கள். அதனால்தான் பதில் தாமதம்.

கூட்டத்துக்குப் போங்கள். எல்லோரும் போங்கள்.

இங்கே வெயில் அதிகமாக இருக்கிறது. இதோடு நீ உடுத்த ஒரு காங்காத் துணி அனுப்புகிறேன், நீலம் உனக்குப் பிடிக்குமே.
ஷோமாரி


கிசிவானி,
24 பிப்ரவரி 2004

தம்பி ஷோமாரிக்கு, ஸலாம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

கூட்டம் ஜனவரி பதினான்கு என்றார்கள். வண்டி இல்லை என்று தள்ளினார்கள். பிப்ரவரி நாலு என்றார்கள்; பெருநாள் முடிந்து அதிகாரி வரவில்லை என்று தள்ளினார்கள். கடைசியில் பதினெட்டு, புதன்கிழமை. கோம்போ தலைவர் செவ்வாய்க்கிழமை மஃரிபு தொழுகை நேரத்தில் மௌத்தானார். உயிரோடு இருந்தவரைக்கும் வம்பு பண்ணினார், போகிற நேரத்திலும் விடவில்லை. மகன் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று அடக்கத்தைக் காலை பத்துக்கு வைத்தார்கள், கூட்டமும் பத்துக்குத்தான்.

காலையில் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் நிற்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் நான்தான் உள்ளே போனேன். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து எழுப்பினேன். அஷூரா எழுந்திருக்கவில்லை.

"எம் மவளுக்கு எல்லாரும் வந்தீங்க. இந்த மனுசன் கபரு வெட்டுனாரு. அவர உட்டுட்டு எப்படிடி வர்றது?"

"உம் மவளுக்காகத்தான்டி கூப்புடுறேன்," என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. அவள் எழுந்தாள்.

தலைவருடைய மனைவி, "போங்க. அவரு சொன்னதுதானே," என்றார். நாங்கள் வெளியே வரும்போது அந்த அறையில் அவரும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். தம்பி, கிசிவானியில் ஒரு விதவை தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மச்சான் போனபோது என் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் இருந்ததை நீ பார்த்தாய். ஆறு ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். நாங்கள் இந்தப் பக்கம் ஆற்றுக்கு நடந்தோம். நடுவில் ஒரு இடத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

தலைவர் வீட்டிலும் சந்தூக்கோடும் நின்றவர்களுக்குப் பதிலாக, இந்த வருஷம் பதினெட்டு ஆன பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம். பெயர் எழுதியபோது சரியாக இருநூற்றுப் பதினான்கு வந்தது. அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். "எல்லா வார்டும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்," என்றார்.

டப்பாக்களைத் தேடினேன். இல்லை. விதையும் இல்லை. மேசைமேல் மூன்று காகிதக் கட்டு. அவர் பேசினார்: போன தடவை நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது சந்தை, அதை வைத்து மூன்று வருஷத் திட்டம் தயாராகி ஒப்புதலும் வந்துவிட்டது. இந்த வருஷம் கொட்டகைக்கு விளக்கு, அடுத்த வருஷம் கொட்டகைக்குச் சுற்றுச்சுவர். இன்றைக்குக் கூட்டம், கட்டிய கொட்டகை உங்களுக்குத் திருப்தியா என்று கேட்பதற்கு. மிகவும் திருப்தி, திருப்தி, திருப்தியில்லை. கை தூக்கவேண்டும்.

பாலத்துக்கு அதில் இடமே இல்லை, யாரும் கை தூக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து, "ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கிறேன்," என்றார்.

அஷூரா என் பக்கத்தில்தான் நின்றாள். திட்டியிருக்கலாம்.

திட்டத்தில் நம் வார்டுக்கான பக்கங்களை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் படித்தேன். மேலே தேதி, டிசம்பர் பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் இடதுபக்க ஓரத்தில், தட்டச்சு செய்தவரின் பெயர்ச்சுருக்கமாகப் பொடியாக மூன்று எழுத்து. நீ முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது, "அக்கா, நாட்டின் காகிதத்தில் என் பெயர்" என்று அந்த மூன்று எழுத்தைக் காட்டி ஒரு நகல் அனுப்பினாய். தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் டிசம்பர் இருபது கடிதத்தையும் வைத்துப் பார்த்தேன்.

நீ நலமாக இரு.
பிலி


தோதோமா,
14 மார்ச் 2004

அக்கா,

ஸலாம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் தட்டினேன். நம் வார்டு எழுபத்திரண்டாம் பக்கம். அந்தப் பக்கம் வந்தபோது உன் நவம்பர் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. விளக்கு என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே, "ஆற்று நடைபாலம், கிசிவானி" என்று ஒரு வரி தட்டிச் சேர்த்தேன். மூன்று பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த வரி ஒரு கால்மணி நேரம் இருந்தது. அவர்கள் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் அழித்துவிட்டேன். எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

முடிந்துவிட்டது, போகாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். பாலம் வந்தால் என் பிள்ளை நடப்பாள் என்று நீ எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக இதை எப்படி எழுதுவது? போங்கள் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. நிறையப் பேர் வந்தார்கள் என்று பதிவாகட்டும், என்றாவது பயன்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைவர் அந்த நாளில் மௌத்தாவார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அவரை விட்டுவிட்டு வருவீர்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

ஏப்ரலில் எனக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. வந்து தலைவருடைய மனைவி காலடியில் உட்காருகிறேன். அஷூராவிடமும் சொல்கிறேன். உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வரட்டுமா?

உன் தம்பி


கிசிவானி,
2 ஏப்ரல் 2004

தம்பி ஷோமாரிக்கு, அக்காவின் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது? கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த மூன்று பேர் உள்ளே வரும்போது நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாயிலிருந்து பெண்களை இழுத்தவள் நான்.

நகராட்சியிலிருந்து ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டது. நகரத்திலேயே அதிகம் பேர் கலந்துகொண்ட வார்டு என்று கிசிவானிக்கு முதல் இடம். தலைவர் வீட்டில் மாட்டலாம் என்று யாரோ கொண்டுபோனார்கள். அவர் மனைவி வாங்கவில்லை. வேறு யாரும் வாங்காததால் என் வீட்டில் சுவரோரமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மேலத்தெருவில் ஒரு கிழவர் மௌத்தானார். ஜனாஸாவுக்கு முப்பது பேர்கூட வரவில்லை. யாரும் யாரையும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்க எங்களில் யாருக்கும் முகம் இல்லை. தலைவருடைய மனைவியைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். உட்காரச் சொல்கிறார், டீ தருகிறார். அதிகாரி தந்த மாதிரியே மரியாதையாகத் தருகிறார்.

தாத்து வளர்ந்துவிட்டாள். அப்பம் சுட உதவுகிறாள். பள்ளியைப் பற்றி இப்போது நானும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

வரட்டுமா என்று கேட்டாய். இப்போது வராதே. திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது, ஒரு மரம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நீ வந்தாலும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டத்தான் முடியும்.

பிலி